எட்டுக் கேள்வியும் பத்துப் புளியங்கொட்டையும்

சுகர் உள்ளவர்களின் தன்திறன் நம்பிக்கையை அளக்கிற எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலைத் தமிழாக்கி, மதுரை டவுனிலும் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வைத்துச் சரிபார்த்தோம். எப்படிச் செய்தோம், எங்கே சிக்கியது, எதை மாற்றினோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். நர்சிங், சமூகப்பணி, உளவியல் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் ‘டூல் வேலிடேஷன்’, அதாவது அளவுகோலைச் சரிபார்ப்பது என்று தலைப்பு எடுக்கிறார்கள். மொழிபெயர்க்க ஒருவர், புள்ளியியல் பார்க்க ஒருவர் என்று வேலையைக் கொடுத்துவிட்டு, பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிற ஆல்ஃபா எண் வரும்வரை காத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த வேலையின் முக்கால்வாசி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. கேள்வியைக் காதில் வாங்கிய ஆள் பதிலை எப்படி உண்டாக்குகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

முதலில், எதை அளக்கிறோம்? ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தக் கருத்து உளவியலில் பெரிதாக வளர்ந்தது. ஒரு குறிப்பிட்ட காரியத்தை, அதற்கு இடைஞ்சல் வருகிற நேரத்திலும், என்னால் செய்துவிட முடியும் என்று ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பதே தன்திறன் நம்பிக்கை. பொதுவான துணிச்சல் வேறு, இது வேறு. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று யாரையும் கேள்வி கேட்கிற மனிதர், தங்கச்சி வீட்டு விசேஷத்தில் இலையில் வைத்த கேசரியை ஒதுக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு வருவார். அதனால்தான் பண்டூரா 2006-ல் வெளிவந்த தன்னுடைய வழிகாட்டிக் கட்டுரையில், எந்தத் துறையோ அந்தத் துறைக்கென்று கேள்வி அமைக்கச் சொல்கிறார், ‘செய்வீர்களா’ என்று கேட்காமல் ‘செய்ய முடியுமா’ என்று கேட்கச் சொல்கிறார். ஷ்வார்ட்சரும் யெருசலேமும் உருவாக்கிய பத்துக் கேள்விப் பொது அளவுகோல் ரொம்பப் பிரபலமானது, முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது, எங்கள் குழுவிலும் முதலில் அதையே எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த அம்மாவுக்கு எந்த இடத்தில் தைரியம் குறைகிறது, சாப்பாட்டிலா, நடையிலா, லோ சுகர் வந்தால் சமாளிப்பதிலா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குப் பிறகு சுகர் மாத்திரை பலருக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. மாத்திரை போட்ட பிறகு மிச்சமிருக்கிற பொழுதெல்லாம் அந்த ஆள் கையில்தான் இருக்கிறது. 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இவ்வளவு பேருடைய அன்றாடத்தைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்குப் புரிகிற தமிழில் கேட்கிற ஒரு நல்ல அளவுகோல் இல்லாமல் வேலை செய்வது சரியாகப் படவில்லை.

எடுத்துக்கொண்டது, கேட் லோரிக் தலைமையிலான ஸ்டான்ஃபோர்டு குழுவின் நீரிழிவுத் தன்திறன் அளவுகோல். எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை பதில், எட்டின் சராசரிதான் மதிப்பெண். யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் இலவசமாகப் பயன்படுத்தலாம். இதில் எனக்குப் பிடித்த ஒரு தகவல், இந்த அளவுகோல் முதலில் உருவாகிச் சோதிக்கப்பட்டது ஸ்பானிஷ் மொழியில். ஆங்கில வரியைத் தெய்வ வாக்காக வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்ற தெம்பு அதிலிருந்தே வந்தது.

மொழிபெயர்ப்புக்குப் பீட்டனும் அவர் கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்ட வழிமுறையைப் பின்பற்றினோம். தமிழாக்க இரண்டு பேர், ஒருவர் சுகர் கிளினிக் வேலை தெரிந்தவர், இன்னொருவர் மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத தமிழ் ஆசிரியர். இரண்டு தமிழையும் உட்கார்ந்து ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத வேறு இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், அப்புறம் நிபுணர் குழு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தத் திரும்ப மொழிபெயர்க்கிற உத்தியைப் பிரிஸ்லின் 1970-லேயே விரிவாக எழுதியிருக்கிறார், எல்லாரும் அதைப் பெரிய பரீட்சையாக நினைக்கிறார்கள். எங்களுக்கு நடந்தது இதுதான்: தமிழ் எவ்வளவு விறைப்பாக இருந்ததோ அவ்வளவு அழகாக அது ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது. ‘தகுந்த உணவைத் தெரிவு செய்வதில்’ என்று எழுதினால் மூலத்தின் ஆங்கிலம் அச்சு அசலாகத் திரும்பி வருகிறது, ஆனால் மேலூர்ப் பக்கத்தில் ஒருவர் வாயிலும் அது வராது. ‘பசிக்கும்போது எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்று பார்த்து எடுத்துச் சாப்பிட’ என்று எழுதினால் திரும்பி வருகிற ஆங்கிலம் நீளமாக, கொஞ்சம் விலகித்தான் இருக்கிறது. குழுவில் ஒருவர் முதல் வடிவமே பாதுகாப்பானது என்று வாதாடினார். இரண்டையும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியதும் பேச்சு முடிந்துவிட்டது. கருத்து தலைகீழாகிவிட்டதா என்று பிடிப்பதற்குத் திரும்ப மொழிபெயர்ப்பது நன்றாக உதவுகிறது, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நிபுணர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் பொருத்தம் எவ்வளவு என்று மதிப்பெண் போடுவதும், அதை வைத்து, அளக்க வந்ததைக் கேள்விகள் தொடுகின்றனவா என்று காட்டுகிற உள்ளடக்கச் செல்லுபடி எண் கணக்கிடுவதும் வழக்கமாக நடந்தது. ஆறு பேரோ அதற்கு மேலோ நிபுணர்கள் இருந்தால் ஒரு கேள்விக்கு 0.78 வந்தால் போதும் என்பார்கள். எல்லாக் கேள்வியும் தாண்டியது. நிபுணர்களுக்குக் கேள்வி புரியும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான், அதனால் இங்கே நிற்காமல் அடுத்ததுக்குப் போகிறேன்.

பீட்டன் வழிமுறையில் கடைசிப் படி, 30 முதல் 40 பேரிடம் கொடுத்துப் பார்ப்பது. நிறைய ஆய்வறிக்கைகளில் இது ஒரே வரியில் ‘புரிந்தது என்று கூறினர்’ என்று முடிந்துவிடும். புரிந்ததா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், படித்த பிள்ளை இவ்வளவு தூரம் வந்து கேட்கிறது, புரியவில்லை என்று சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று அவர்களே நமக்காக யோசிப்பார்கள். அதற்குப் பதிலாக, பதில் சொன்ன உடனே, ‘இந்த நம்பரைச் சொல்லும்போது மனசுல எதை நினைச்சீங்க?’ என்று கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம், இந்த ஒரு கேள்வி போதும்.

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சுகர் இல்லாத மற்றவர்களுக்குச் சமைக்கும்போதோ அவர்களோடு சேர்ந்து சாப்பிடும்போதோ உங்கள் உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க முடியுமா என்பது அதன் சாரம். மேலூர்ப் பக்கத்தில் ஒரு அம்மா, வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த குடும்பம், யோசிக்காமல் ஒன்பது என்றார். என்னோடு வந்த நர்சிங் மாணவி, ‘எதை நினைச்சு ஒம்பதுன்னு சொன்னீங்க அப்பத்தா?’ என்று கேட்டாள். ‘எல்லாத்துக்கும் நான்தானத்தா ஆக்கிப் போடுறேன், அதுல என்ன கஷ்டம் இருக்கு’ என்றார். அவர் காதில் விழுந்தது கேள்வியின் முதல் பாதி மட்டும். எல்லாருக்கும் சமைத்துப் போட முடியுமா என்ற கேள்விக்குத்தான் அந்த ஒன்பது. சரி, உங்க சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்ன ஆகிறது என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பிள்ளைக வச்ச மிச்சத்தைக் கொட்ட மனசு வராது, அதைத் தின்னுருவேன், அதுல எங்குட்டு அளவு பாக்குறது’ என்றார். இரண்டாவது தடவை சொன்ன எண் மூன்று. ஒரே ஆள், ஒரே திண்ணை, ஒரே கேள்வி. அந்த ஒன்பது அப்படியே எக்செல் தாளுக்குள் போயிருந்தால் எந்தக் கணக்காலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதே கேள்வியை ஆண்களிடம் கேட்டால், ‘நான் எங்க சமைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவதை மட்டும் நினைத்துப் பதில் சொன்னார்கள். ஒரே வாக்கியத்துக்குள் நிபந்தனை, ‘அல்லது’, கட்டுப்பாடு, நம்பிக்கை நான்கும் வரிசையாக வந்து வினைச்சொல் கடைசியில் நிற்கும்போது, படிக்கிறவர் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்வார், காதால் கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் இரண்டு வாக்கியமாக உடைத்தோம். ‘வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்கிறீர்கள், இல்லையென்றால் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். அந்த நேரத்திலும் உங்களுக்குச் சொல்லியிருக்கிற சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை உங்களால் விடாமல் பின்பற்ற முடியும் என்று எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்?’ காட்சியை முதலில் கண்முன் நிறுத்திவிட்டுக் கேள்வியைத் தனியாகக் கேட்கிறோம். இப்படி மாற்றிய பிறகு, என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால் மிச்சச் சோறு, கறிக்குழம்பு, கல்யாணப் பந்தி என்று சரியான இடத்தில் இருந்து பதில் வந்தது. எட்டுக் கேள்விகளையும் இதே அமைப்புக்குக் கொண்டுவந்தோம்.

மாற்றக் கூடாத இடமும் உண்டு. பசிக்கும்போது தகுந்த தீனியைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்ற கேள்விக்குச் செல்லூரில் ஒரு அண்ணன் பத்து என்றார். எதை நினைத்தீர்கள் என்றால், சாயங்காலம் வடை, பஜ்ஜி பக்கமே போக மாட்டாராம், பருத்திப்பால் குடிப்பாராம், அது கருப்பட்டி போட்டதுதானே, சுகருக்கு ஒன்றும் செய்யாது என்கிறார். குழுவில் சிலர் இந்தக் கேள்வியில் ‘கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை சேர்த்தவை தவிர’ என்று ஒரு குறிப்புச் சேர்க்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அவருடைய அறிவு தவறு, ஆனால் அவருடைய நம்பிக்கை நிஜம், நாம் அளக்க வந்தது நம்பிக்கையைத்தான். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும் என்பதை அன்றைக்கே அவருக்கு விளக்கினோம், ஆனால் பதிலைத் திருத்தவில்லை. கேள்வித்தாளுக்குள் பாடம் நடத்த ஆரம்பித்தால் பிறகு அது அளவுகோலாக இருக்காது.

ஏழாவது கேள்வி, உடம்பில் வருகிற மாற்றத்தைப் பார்த்து எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று தீர்மானிக்க முடியுமா என்பது. வயதான பெண்கள் நிறையப் பேர் சொன்ன பதில், ‘தெரியும், ஆனா மகன் லீவு போட்டாத்தானே போக முடியும்’. தெரிவது அவர்களிடம் இருக்கிறது, போவது வேறொருவர் கையில் இருக்கிறது. பண்டூரா இதையும் யோசித்திருக்கிறார், தானே செய்துகொள்வது, மற்றவர் மூலம் நடத்திக்கொள்வது, கூட்டாகச் செய்வது என்று மூன்றாகப் பிரித்து 2001-ல் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் இரண்டாவது வகைதான் அதிகம். மூலக் கேள்வி தீர்மானிப்பதைப் பற்றி மட்டும் கேட்பதால், ‘கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறதா என்பது வேறு விஷயம், இப்போது டாக்டரைப் பார்த்தாக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்பவருக்கான குறிப்பில் சேர்த்தோம். அந்த ‘மகன் லீவு’ விஷயத்துக்குத் தனியாக ஒரு அளவுகோல் நிச்சயம் வேண்டும், யாராவது செய்தால் நான் கூட நிற்கத் தயார்.

இனி 1 முதல் 10. இதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் மெனக்கெட்டோம். பள்ளிக்கூடம் போனவர்கள் இதைப் பரீட்சை மார்க்காக எடுத்துக்கொண்டார்கள், நூற்றுக்கு முப்பத்தைந்து பாஸ் என்பதால் நாலு என்றாலே தேறிவிட்டதாக அவர்கள் கணக்கு. பள்ளிக்கூடம் போகாதவர்கள் ‘ஏதோ அஞ்சு ஆறு போட்டுக்கங்க’ என்றார்கள். சிலர் பத்து என்று சொல்லவே பயந்தார்கள், முழுசாக முடியும் என்று வாயால் சொன்னால் கண்ணு பட்டுவிடும், சாமி சோதித்துவிடும் என்று எட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினோம், முகப் படங்களைக் காட்டினோம், முகப் படம் வலியைக் கேட்பதற்குச் சரி, உறுதியைக் கேட்கும்போது சிரிக்கிற முகம் என்றால் சந்தோஷமா என்று குழம்பினார்கள்.

கடைசியில் பத்துப் புளியங்கொட்டை. கிராமங்களில் மக்களோடு உட்கார்ந்து திட்டமிடுகிறவர்கள் விதைகளை வைத்து அளக்கிற பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது, அதிலிருந்து எடுத்தோம். தாயம், பல்லாங்குழி விளையாடிய கைகளுக்குக் கொட்டையைத் தள்ளிவைப்பது புதிதில்லை. ஒரு தட்டில் இடது பக்கம் கொட்டைகள், வலது பக்கம் காலி, எத்தனை உறுதியோ அத்தனை வலது பக்கம் தள்ள வேண்டும். உடனே இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று, மூலத்தில் மிகக் குறைந்த பதில் 1, அதற்கு அர்த்தம் ‘கொஞ்சமும் இல்லை’. தட்டில் அது நடக்கவில்லை, உறுதி இல்லாதவர் எல்லாவற்றையும் இடது பக்கமே விட்டுவிட்டு ‘ஒண்ணுகூட இல்ல’ என்கிறார், அது நியாயம்தான். பண்டூராவின் வழிகாட்டியில் அளவு பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் நாங்கள் பூஜ்யத்துக்கு மாறினால் மற்ற மொழி ஆய்வுகளோடு மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. அதனால் ஒரு கொட்டையை வலது பக்கம் நாங்களே முதலில் வைத்துவிட்டு, மிச்சம் ஒன்பதை மட்டும் அவர்களிடம் கொடுத்தோம். ஒன்றும் தள்ளாவிட்டால் 1, எல்லாவற்றையும் தள்ளினால் 10. அவர்களுக்கும் இயல்பாக இருந்தது, கணக்கும் கெடவில்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியமானது. முதல் கேள்விக்கு ஏழு கொட்டை வலது பக்கம் இருந்தால், அடுத்த கேள்விக்கும் அப்படியே விட்டுவிட்டு ‘அதுக்கும் அதே அளவுதான்’ என்று போய்விடுகிறார்கள், தேவைப்பட்டால் ஒன்றைக் கூட்டுகிறார்கள் அல்லது குறைக்கிறார்கள். எட்டுப் பதிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்படி வந்த பதில்களில் ஆல்ஃபா பிரமாதமாக இருக்கும்! ஒரே எண்ணை எட்டுத் தடவை சொன்னாலும் உள்ளிணக்கம் உயரத்தான் செய்யும், பதில்கள் எதனால் ஒத்துப்போகின்றன என்பது க்ரான்பாக் 1951-ல் கொடுத்த ஆல்ஃபா சூத்திரத்துக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கொட்டைகளைக் கையால் வாரி இடது பக்கம் சேர்த்து, மறுபடி ஒன்றை வலது பக்கம் வைத்து, அதன் பிறகுதான் அடுத்த கேள்வியை வாசிக்க வேண்டும் என்று விதி வைத்தோம். ஒரு ஆளுக்குச் சில நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆல்ஃபா கொஞ்சம் இறங்கியது, எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏனென்றால் இப்போது சாப்பாட்டுக்கு மூன்றும் நடைக்கு ஒன்பதும் போடுகிற மனிதர்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தார்கள்.

தட்டைக் கொடுத்தவுடன் கேள்விக்குப் போகாமல் ஒரு ஒத்திகை வைத்துக்கொள்வது நல்லது. பண்டூராவே எடை தூக்குவதை வைத்து ஒத்திகை கேட்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அரிசியை வைத்துக் கேட்டோம்: அஞ்சு கிலோப் பையை இப்போதே தூக்க முடியுமா, பத்துக் கிலோ, கடையில் விற்கிற 26 கிலோச் சிப்பம், 75 கிலோ மூட்டை. அஞ்சு கிலோவுக்கு எல்லாக் கொட்டையும் போகும், சிப்பத்துக்கு யோசிப்பார்கள், மூட்டைக்குச் சிரித்துக்கொண்டே தட்டை நகர்த்துவார்கள். முடியும் முடியாது என்பதற்கு நடுவில் படிகள் இருக்கின்றன, குறைவாகச் சொல்வது அவமானமில்லை என்று அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. ‘கண்ணு படும்’ என்று எட்டோடு நிறுத்தியவர்கள்கூட அஞ்சு கிலோவுக்குப் பத்து போட்டுப் பழகிய பிறகு கொஞ்சம் தாராளமானார்கள்.

எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதும் அளவுகோலின் ஒரு பகுதி. டாக்டர் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் யூனிஃபார்மோடு போய்க் கேட்டால் எல்லாம் முடியும் என்றுதான் சொல்வார், இல்லையென்றால் உள்ளே போனதும் திட்டு விழும் என்று அவருக்குப் பயம். அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகு, அல்லது வீட்டில், சாதாரணச் சேலையில் போய்க் கேட்டோம். பேர் எழுதாத தாள் என்பதை எழுத்துத் தெரியாதவர் எப்படி நம்புவார்? தாளைக் கையில் கொடுத்து, கூட இருக்கிற பிள்ளையை விட்டு, ‘பேரு எங்கயாச்சும் இருக்கா பாரு’ என்று பார்க்கச் சொன்னோம். சம்மதக் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ஐசிஎம்ஆர் 2017 நெறிமுறைப்படி எழுதப் படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை வாங்க வேண்டும், சம்மதத் தாள் தனிக் கவரில், கேள்வித்தாள் தனிக் கவரில்.

கேள்வி கேட்கிறவர்கள் அவரவர் வாய்க்கு வந்தபடி விளக்கினால் ஆளுக்கொரு டூல் ஆகிவிடும். ஆகவே தானே படித்துக்கொள்கிறவருக்கு எழுத்துத் தமிழில் ஒரு வடிவம், வாசித்துக் காட்டுவதற்குப் பேச்சுத் தமிழில் ஒரு வடிவம் என்று இரண்டையும் எழுதியே கொடுத்தோம். அப்பத்தா, அம்மாச்சி, சித்தி, அண்ணே என்று கூப்பிடுவது மட்டும் அவரவர் விருப்பம், கேள்வி வரியில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. புரியவில்லை என்றால் இன்னொரு தடவை அதே வரியை மெதுவாக வாசிக்க வேண்டும், அப்போதும் புரியவில்லை என்றால் குறித்துவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும்.

ஆட்களைச் சேர்க்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. ‘தாய்மொழி தமிழ்’ என்று நிபந்தனை போட்டால் மதுரையில் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள் மொத்தமாக வெளியே போய்விடுவார்கள். மகால் பக்கத்துத் தெருக்களில் சுகர் இல்லாத வீடா இருக்கிறது? கிளினிக்கில் அவர்கள் பேசுவது தமிழ்தான். அதனால் ‘டாக்டரிடம் தமிழில் பேசுகிறவர்’ என்று நிபந்தனையை மாற்றினோம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் அப்படியே உள்ளே வந்தார்கள். கேள்விக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்குப்படி எண்பது பேர் போதும், ஆனால் டவுன், கிராமம் என்று பிரித்துப் பார்க்க அது பத்தாது. காம்ரியும் லீயும் 1992-ல் சொன்ன முந்நூறை இலக்காக வைத்துக்கொண்டோம்.

கணக்கு வேலையை ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் நாங்களே செய்தோம். வில்லியம் ரெவெல்லின் சைக் தொகுப்பும் ஈவ் ரோஸலின் லவான் தொகுப்பும் இலவசம், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் தன் டேட்டாவைத் தானே பார்க்காமல் யாரிடமோ கொடுத்து வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. பதில்களுக்கு அடியில் இருக்கிற பொதுவான அம்சங்கள், அதாவது காரணிகள், எத்தனை என்று முடிவு செய்ய, ஒன்றுக்கு மேலான ஐகன் மதிப்பை எண்ணுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, தற்செயலாக உருவாக்கிய எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிற, ஹார்ன் 1965-ல் சொன்ன இணைப் பகுப்பாய்வைச் செய்தோம், ஒரே காரணிதான் நின்றது, மூலத்திலும் எட்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண்தான். அந்த ஒற்றைக் காரணி அமைப்பு டேட்டாவோடு பொருந்துகிறதா என்று பார்க்கிற உறுதிப்படுத்தும் பகுப்பாய்வில் ஐந்தாவது, ஆறாவது கேள்விகள் மட்டும் காரணியைத் தாண்டியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று உடற்பயிற்சி செய்யும்போது சுகர் இறங்காமல் பார்த்துக்கொள்வது, இன்னொன்று சுகர் ஏறினாலோ இறங்கினாலோ என்ன செய்வது என்பது. லோ சுகர் ஒரு தடவையாவது வந்து, கை நடுங்கி வேர்த்துப்போய், அதன் பிறகு சட்டைப்பையில் சாக்லேட்டோடு திரியும் ஆட்கள் இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு லோ வருவது அபூர்வம் என்பதால் அவர்கள் இரண்டிலும் தடுமாறினார்கள். காரணம் தெரிந்ததால் அந்த இரண்டின் பிழைகளையும் (காரணியால் விளக்க முடியாத மிச்சத்தை) இணைத்துவிட்டோம். காரணம் தெரியாமல், பொருத்தக் குறியீடு 0.95-ஐத் தொட வேண்டும் என்பதற்காக மட்டும் இணைப்புப் போடுவது கூடாது.

இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் மறுபடி கேட்கிற மறுசோதனையைச் சித்திரைத் திருவிழாவைத் தள்ளிவைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டியிருந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் மண்டகப்படிக்கு மண்டகப்படி பானகம், சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, யார் வேண்டாம் என்பார்கள்? திருவிழாவுக்கு முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவும் எடுத்தால் இரண்டாவது கேள்வியில் மதிப்பெண் நிஜமாகவே இறங்கியிருக்கும், அதை அளவுகோலின் தள்ளாட்டம் என்று தவறாக எழுதிவிடுவோம். விசேஷம் இல்லாத வாரங்களாகப் பார்த்து எடுத்தோம், கூடவே ‘போன தடவைக்கும் இப்போதைக்கும் நடுவில் சாப்பாடு, மருந்து, உடம்பில் ஏதாவது மாறியதா’ என்று கேட்டு, மாறியது என்றவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கு மதிப்பெண் கூடுதலாக இருக்கும், சுகர் புதிதாகக் கண்டுபிடித்தவர்களுக்குக் குறைவாக இருக்கும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையோடு தொடர்பு இருக்கும் ஆனால் லேசாகத்தான் இருக்கும் என்று கருதுகோள்களை டேட்டா எடுக்கும் முன்பே எழுதி வைத்திருந்தோம். இது முக்கியம், முடிவைப் பார்த்துவிட்டு எழுதினால் எதுவும் ஒத்துப்போகும். எழுதியது பெரும்பாலும் அப்படியே வந்தது.

ஒத்துவராமல் நின்றது நாலாவது கேள்வி. வாரத்தில் நாலைந்து தடவை, 15 முதல் 30 நிமிடம் உடற்பயிற்சி. டவுனில் இதைக் கேட்டால் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது ஞாபகம் வருகிறது, மேலூர்ப் பக்கம் நடவு, களை எடுப்பு என்று நாளெல்லாம் குனிந்து நிமிர்கிற பெண்ணுக்கு ‘இதுக்கு மேல என்ன எக்சைஸு’ என்றுதான் வருகிறது. வேலை இல்லாமல் ரோட்டில் சும்மா நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற யோசனையும் சேர்ந்துகொள்கிறது. ‘வேலையைத் தவிர, உடம்புக்கென்றே செய்கிற நடை மாதிரி’ என்று விளக்கம் சேர்த்த பிறகும், மற்றக் கேள்விகளில் ஒரே அளவு நம்பிக்கை காட்டுகிற டவுன் ஆளும் கிராமத்து ஆளும் இந்த ஒன்றில் வேறு வேறு எண் சொல்கிறார்கள். டவுனிலும் கிராமத்திலும் அளவுகோல் ஒரே மாதிரி அளக்கிறதா என்று பார்க்கிற அளவீட்டுச் சமநிலைச் சோதனையில் கடைசிப் படியில் தடுக்கியதும் இதே கேள்விதான். எடுத்துவிடலாமா என்று யோசித்தோம், எடுத்தால் எட்டு ஏழாகி மூலத்தோடு ஒப்பிட முடியாது. வைத்துக்கொண்டோம், ஆனால் டவுனையும் கிராமத்தையும் சராசரியை வைத்து ஒப்பிடுகிறவர்கள் நாலாவது கேள்வி இல்லாமலும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறோம்.

பயன்படுத்த நினைக்கிறவர்களுக்கு: பேச்சு வடிவம் மதுரைப் பேச்சில் இருக்கிறது, நாகர்கோவிலிலோ கோயம்புத்தூரிலோ அப்படியே வாசிக்க வேண்டாம், அங்கே ஒரு இருபது முப்பது பேரிடமாவது ‘மனசுல எதை நினைச்சீங்க’ என்று கேட்டுவிட்டு வரியை மாற்றிக்கொள்ளுங்கள், எழுத்து வடிவத்தை அப்படியே எடுக்கலாம். கொட்டைகள் ஒரே அளவில் இருக்கட்டும், பெரிதும் சிறிதுமாக இருந்தால் பெரியதாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள். எட்டில் இரண்டு கேள்வி வரை விடுபட்டால் மிச்சத்தின் சராசரியை எடுக்கலாம், அதற்கு மேல் விடுபட்டால் மூலத்தில் சொன்னபடி அந்த ஆளுக்கு மதிப்பெண் போடக் கூடாது. பெரும்பாலும் விடுபடுவது ஐந்தாவது கேள்விதான், லோ சுகரே பார்த்திராதவர்களை வற்புறுத்திக் கொட்டை தள்ளச் சொல்லாமல் காலியாக விட்டு, ஏன் காலி என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.